பிஞ்சிலே பழுத்த போர்பன்

டெக்சாஸில், ஆஸ்டினிலிருந்து 290ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றேகால் மணி நேரம். ஜான்சன் சிட்டி தாண்டியதும் ஹை என்று ஒரு ஊர். ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய அஞ்சலகம் இருக்கிறது. லிண்டன் ஜான்சன் நாலு வயதில் தன் முதல் கடிதத்தைப் போட்டது இங்கேதானாம். அமெரிக்க ஜனாதிபதியான பிறகு, 1965இல், தன் தபால் அமைச்சரை இங்கேயே பதவியேற்க வைத்தார்.

நாங்கள் போனது கடிதம் போட இல்லை. பக்கத்தில்தான் கேரிசன் பிரதர்ஸ் வடிசாலை. திரும்பி வரும்போது வண்டி மனைவி கையில் என்று முதல் நாளே பேசி முடித்திருந்தோம்.

போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி என்றால் கென்டக்கி மாநிலம்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவன். சட்டத்துக்கு அமெரிக்காவில் எங்கே செய்தாலும் சரி. மற்ற நிபந்தனைகள்: ஊறலில் 51 சதவீதமாவது மக்காச்சோளம், உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாய், வெளியிலிருந்து நிறமோ சுவையோ சேர்க்கக் கூடாது. இங்கே வெள்ளை மக்காச்சோளத்தோடு கோதுமையும் பார்லியும் போடுகிறார்கள். பலர் போடும் ரை என்ற தானியம் இதில் இல்லை. அதன் காரமும் இல்லை.

47 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு. முதல் மடக்கில் கருப்பட்டிப் பாகு, வெனிலா, வறுத்த தேங்காய். இவ்வளவு இனிப்பா? சர்க்கரை ஏதும் கலந்தீர்களா என்று கேட்டே விட்டேன். சுற்றிக் காட்டிய பெண்மணி சிரித்தார். மக்காச்சோளத்தின் சர்க்கரையைப் பெரும்பாலும் ஈஸ்ட் தின்றுவிடும், மிச்சமிருப்பதும் வடிக்கும்போது ஆவியோடு வராது என்றார். பீப்பாய்க் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஜூலை மாதம், உள்ளே கால் வைத்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. இந்தச் சூட்டில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்ந்தால் வெளியே வரும். போகும்போதும் வரும்போதும், கரித்ததில் பாகாகிக் கிடக்கும் மரச் சர்க்கரையையும் வெனிலா வாசனையையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இரண்டு மூன்று வருடத்திலேயே இந்த நிறம். கூடவே ஆவியாகிப் போவதும் கென்டக்கியைவிட அதிகம். நகைக்கடைக்காரர் சொல்லும் சேதாரம்தான். இவர்கள் அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டில் விலையில் அந்தச் சேதாரமும் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

சரி, நல்ல போர்பனா? இனிப்பு அடங்கியதும் நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு துவர்ப்பு பிடித்தது, வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி. பிஞ்சிலே பழுத்ததன் குணம். பத்து வருடம் நிதானமாகக் கிடந்த கென்டக்கிச் சரக்கில் ஒரு சுவை போய் இன்னொன்று வந்துகொண்டே இருக்கும். இது எல்லாவற்றையும் முதல் மடக்கிலேயே சொல்லிவிடுகிறது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் துவர்ப்பு கொஞ்சம் இறங்கியது. அப்புறம் கேட்காமலே இரண்டாவது ஊற்றினார்கள். நானும் மறுக்கவில்லை.

வழியில் மனைவி ஒரு கூடை பீச் பழம் வாங்கினாள். இந்தப் பக்கத்து பீச்சுக்குப் பெரிய பேர். வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு ஒரு துண்டு கடித்தேன். பழம் புளித்தது.