ஓடிவரும் கடல், உட்கார்ந்திருக்கும் கடல்

மே 3, 2025, சனி இரவு

பிள்ளைகள் இப்போதுதான் தூங்கினார்கள். நாளை விடியற்காலை மயிலாடுதுறை வண்டியைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி.

போன கோடையில் ஆறு நாள் மலைப்பயணம் போனோம். இரண்டாம் நாளே சின்னவனுக்குக் காய்ச்சல். மீதி நாளெல்லாம் விடுதி அறையில் கஞ்சியும் ஈரத்துணியுமாகப் போனது. அதனால் இந்த வருடம் மூன்று சின்னப் பயணங்கள் போதும் என்று முடிவு செய்தேன்: தரங்கம்பாடி ஒரு நாள், சென்னை இரண்டு நாள், ராமேஸ்வரம் இரண்டு நாள். ஒரு வேளைக்கு ஒரு இடம்தான் பார்ப்பது. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை பிள்ளைகள் நிழலில் இருக்க வேண்டும். "அவ்வளவு தூரம் போயிட்டு ஒரே ஒரு இடமா?" என்று இவர் கேட்டார். ஆமாம், ஒரே ஒரு இடம்தான்.

பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. ஐந்து வயதுக்குள் இருந்தால் ரயிலில் தனி இருக்கை கேட்காதவரை டிக்கெட் இல்லை, அரசுப் பேருந்திலும் இலவசம். அந்த வகையில் இவனால் செலவு மிச்சம். பையில் ஆளுக்கு இரண்டு செட் துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பழைய வேட்டித்துணி ஒன்று. வேட்டித்துணியை மட்டும் நான் விடவே மாட்டேன். விரிப்பு, துவட்டும் துணி, வெயில் மறைப்பு, ரயில் ஜன்னலில் திரை என்று எல்லாமே அதுதான். பொடி தடவிய இட்லியைக் காலையில் வாழையிலையில் கட்டிக்கொள்ளலாம்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடங்கியது. மயிலாடுதுறையில் இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்து. தரங்கம்பாடியில் இறங்கிப் பழைய நுழைவாயிலைத் தாண்டி நேராக நடந்தால் தெருவின் முடிவில் கோட்டை, அதற்கு அப்பால் கடல்.

சின்னவன் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. குதிப்பான் என்று நினைத்துக் கைபேசியைத் தயாராக வைத்திருந்தேன். அவன் பார்த்தான், நின்றான், என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "அது ஓடி வருதும்மா."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அலை வரும், திரும்பிப் போய்விடும் என்று இவர் தன் காலை நனைத்துக் காட்டினார். அக்காவும் காட்டினாள். அவன் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டான். சட்டைக்குள் அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் நெஞ்சில் தெரிந்தது.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம். ஆட்கள் கரையில் இருந்தார்கள். நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது. கூப்பிட்டுச் சொன்னார்: "பயப்படுற புள்ளைய இழுக்காதீங்க தாயி. கடலு எங்கயும் போயிடாது. அதுவா கேக்கட்டும்."

அவர் பக்கத்திலேயே துணியை விரித்து உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் சின்னவன் கழுத்திலிருந்து இறங்கினான். ஈர மணலில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து மணல் நிறத்திலேயே ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. கண் இரண்டும் குச்சியில் நிறுத்திய கடுகு மாதிரி. ஒரு கை மணலை அள்ளி வந்து வெளியே போட்டது, திரும்ப உள்ளே போனது. அடுத்த முறை மணலை வேறு பக்கம் போட்டது. அப்புறம் இன்னொரு கை. இதை அவன் இருபது நிமிடம் பார்த்தான். வீட்டில் ஒரு வாய் சோற்றுக்குக்கூட உட்காராத பிள்ளை!

கோட்டைக்குள் பெரியவளைத்தான் அழைத்துப்போனேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னேன்.

"விக்கிறதுன்னா, கடையில விக்கிற மாதிரி காசுக்கா?"

"ஆமாம்."

"அப்ப ஊர்ல இருந்தவங்க?"

எத்தனையோ முறை இந்த வருடத்தைப் படித்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை என்றுதான் அவளுக்குச் சொல்ல முடிந்தது.

கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயிலை வெளியே நின்று பார்த்தோம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பாறைகளைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அலை பாறையில் அடிக்கும் சத்தம் வயிற்றுக்குள் கேட்கிறது. சின்னவன் பயந்ததில் தப்பே இல்லை.

சீகன்பால்கு அருங்காட்சியகத்தை விட்டுவிட்டோம். அந்தப் பாதிரியார் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சான ஊர் இது. இவருக்குப் பார்க்க ஆசைதான். ஆனால் இரண்டும் தூக்கத்தில் சாய்ந்துவிட்டன. பெரியவள் வளர்ந்தபின் அவளே எங்களைக் கூட்டி வரட்டும்.

மே 8, வியாழன்

வீட்டில் கடல் விளையாட்டு நடக்கிறது. என் நீலப் புடவை அலை, அக்கா அதை ஆட்ட வேண்டும், இவன் கட்டில்மேல் நின்று கத்த வேண்டும். நண்டும் உண்டு. அது நான்.

மே 17, சனி, சென்னை

மலைக்கோட்டை வண்டி எழும்பூரில் எங்களை இருட்டோடு இறக்கிவிட்டது. நிலையத்துக்கு எதிரே 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதியாகப் பார்த்துப் பிடித்திருந்தோம். பிள்ளைகளோடு விடியற்காலையில் போய் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மதியம்வரை பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வேறொரு இடத்தில் தொலைபேசியிலேயே "சின்னப் பிள்ளைகள் என்றால் மெத்தைக்குத் தனிப் பணம் கட்டி வைக்க வேண்டும்" என்றார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில் போய்த் தங்கக் கூடாது.

காலையில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இலிருந்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பல கட்டிடங்கள், நாள் முழுக்கப் பார்த்தாலும் தீராது. நாங்கள் திமிங்கல எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தோம். "இவ்ளோ பெருசு கடலுக்குள்ள இருக்கா?" என்று சின்னவன் கேட்டபோதுதான் தப்பான இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டோமோ என்று பதறினேன். பதில் அவனே சொல்லிக்கொண்டான்: "அதுக்குத்தான் கடலு பெருசா இருக்கு."

பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, தயிர்சாதம் சாப்பிட்டு, நான்கு மணிவரை தூங்கினோம். ஊரெல்லாம் சுற்றாமல் இப்படிப் படுத்துக்கிடக்கிறோமே என்ற உறுத்தல் முதலில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு அழுகை இல்லாமல், சிரித்த முகத்தோடு இரண்டும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அது போய்விட்டது.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இறங்கினோம். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறையும்போது பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்காகக் கொண்டுவந்து இங்கே சேமித்து வைத்தார்கள், 1840களில். குச்சி ஐஸ் உருகிக் கையெல்லாம் வழிய நின்றிருந்த பெரியவளுக்கு இது நம்பவே முடியாத கதை. "உருகலையா?" "கொஞ்சம் உருகியிருக்கும்." "மிச்சம்?" "மிச்சத்தை விற்றார்கள்." மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

மணலில் நடந்து நடந்து சின்னவன் சலித்துப்போனான். ஏன் இவ்வளவு மணல் என்றால் துறைமுகம்தான் காரணம். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் அது இந்தப் பக்கமே சேர்ந்து சேர்ந்து கடற்கரை அகன்றுவிட்டது. வடக்கே காசிமேடு, ராயபுரம் பக்கம் அதே காரணத்தால் கடல் கரையை அரித்தது. நடக்க முடியாதவர்களுக்காக மரப்பாதை ஒன்று கடல்பக்கம்வரை போட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பேரன் தள்ளிக்கொண்டு வந்தான். அந்தப் பாட்டி கடலைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

தண்ணீரில் நாங்கள் இறங்கவில்லை. மெரினாவில் கரையை ஒட்டியே ஆழம், இழுப்பும் அதிகம். பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போகிற இடம். நான்கு அடி தள்ளி நின்றோம். சின்னவன் என் இடுப்பில் இருந்தபடி கடலுக்குக் கையை ஆட்டினான். தரங்கம்பாடியில் அதுகூடச் செய்யவில்லை.

இதை எழுதக் கை இப்போதும் நடுங்குகிறது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் பெரியவளைக் காணோம். இவர் ஒரு பக்கம், சின்னவனோடு நான் ஒரு பக்கம் ஓடினோம். மூன்று நிமிடம்கூட இருக்காது. பலூன் சுடும் கடைக்கு முன்னால், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "காணாமப் போனா நின்ன இடத்துலயே நிக்கணும்னு சொன்னீல்லம்மா. நின்னேன்."

கிளம்பும்போது அவள் கையில் இவருடைய எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தேன். வியர்வையில் பாதி அழிந்திருந்தது. காணும் பொங்கலன்று இதே மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதைத்தான் நானும் இனிமேல் செய்யப் போகிறேன். துணிப்பட்டையில் எண்ணைத் தைத்து, ஆளுக்கொன்று.

மே 18, ஞாயிறு

காலையில் செம்மொழிப் பூங்கா, நல்ல நிழல். இரவு வண்டி. பெரியவள் இன்று முழுவதும் என் முந்தானையை விடவில்லை. நானும் அவளை விடவில்லை.

மே 24, சனி, ராமேஸ்வரம்

இந்த முறை அத்தையும் (இவருடைய அம்மா, பிள்ளைகளுக்கு அப்பாயி) வந்தார்கள். திருச்சியிலிருந்து காலை வண்டி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழி. பகல் பயணம் என்று நான் தயங்கினேன். ஆனால் அப்பாயி கூட இருந்தால் பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியவில்லை. மண்டபம் தாண்டியதும் பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

பாம்பன் புதுப் பாலம் திறந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மின்தூக்கி மாதிரி மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. பக்கத்திலேயே 1914ஆம் வருடத்துப் பழைய பாலம் துருவோடு நிற்கிறது. அது இரண்டு கையை விரித்துத் தூக்குவதுபோலத் திறக்கும். பெரியவள் இருக்கையில் ஏறி நின்று பழைய பாலமாகக் கையைத் தூக்கினாள். சின்னவன் புதுப் பாலமாக அப்பாயி மடியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தான். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கல்யாணமான புதிதில் மாமாவோடு அந்தப் பழைய பாலத்தில் வந்தவர்கள். 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை இந்த ஊருக்கு ரயில்தான். "மாமா இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தாரு" என்று மட்டும் சொன்னார்கள்.

மே 25, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரை மணி, அக்னி தீர்த்தம். கூட்டம் இருந்தாலும் தள்ளுமுள்ளு இல்லை. கடலைப் பார்த்ததும் சின்னவன் எப்போதும்போல என் கழுத்துக்கு வந்தான். அப்புறம் எட்டிப் பார்த்தான். அலையே இல்லை. குளம் மாதிரி கிடந்தது, கரையில் மட்டும் ஒரு சின்ன நெளிவு.

"இது ஏம்மா ஓடி வரல?"

அத்தைதான் சொன்னார்கள். "இது பொம்பளக் கடலுடா கண்ணு. அமைதியா இருக்கும்." இந்த ஊர்க்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். பாக் பக்கம் ஆழம் குறைவு, ஒரு பக்கம் தமிழ்நாடு, மறு பக்கம் இலங்கை என்று இரண்டு கரையும் அணைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது வீசுகிற தென்மேற்குக் காற்றின் வேகமெல்லாம் மன்னார் பக்கத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது இந்தப் பக்கமும் குமுறும்.

அத்தை சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்து மாமாவை நினைத்து மூன்று முழுக்குப் போட்டார்கள். எழுந்திருக்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் என் தோளைத் தட்டினான். "எறக்கி விடு."

கால் நனைந்ததும் கொஞ்சம் நின்றான். அப்புறம் அப்பாயி பக்கம் போய், அவர்களைப் போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இடுப்புவரை தண்ணீர். உள்ளங்கையால் கடலை லேசாகத் தட்டிக் கொடுத்தான், தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோல. நான் படம் எடுக்கவில்லை. அவன் கைக்கெட்டும் தூரத்தில் மண்டியிட்டு இருந்தேன்.

மாலையில் தனுஷ்கோடி. ஒரு பக்கம் தகடு மாதிரி தண்ணீர், மறுபக்கம் ஆள் உயர அலை. நடுவில் சாலை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஒரு ஊரையே, ரயிலோடு சேர்த்துக் கொண்டுபோன இடம். தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன. பெரியவளிடம் சுருக்கமாகச் சொன்னேன். இந்த முறை அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை, என் கையை இறுக்கிக்கொண்டாள். அரிச்சல்முனையில் காற்று ஆளைத் தள்ளியது, பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். வழியில் நுங்கு வெட்டித் தந்த அக்கா, சின்னவனுக்கு விரலால் நோண்டிச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார்.

மே 27, செவ்வாய்

துணி துவைத்தேன். பையை உதறியதும் முற்றத்தில் மூன்று ஊர் மணல். தரங்கம்பாடி மணல்கூட இன்னும் பக்கவாட்டு உறையில் இருந்திருக்கிறது. சின்னவன் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அள்ளிக்கொண்டான்.

காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார். "உட்கார்ந்திருக்கிற கடலுக்கா, ஓடி வர்ற கடலுக்கா?" என்று சின்னவனிடம் கேட்டேன்.

மணலில் விரலை விட்டு ஓட்டை போட்டுக்கொண்டே சொன்னான்: "நண்டு இருக்கிற கடலுக்கு."