காற்று மேலேதான் இருந்தது

பைக்கின் முன்பக்க டிஸ்க் பிரேக்குக்குப் புது ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) மாட்டினேன். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது அரை மணி நேர வேலை என்று எண்ணி உட்கார்ந்தேன். இரண்டு நாள் போனது. அரை லிட்டர் பிரேக் ஆயிலும் தீர்ந்தது.

முதல் தொல்லை ஹேண்டிலில் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியிலேயே. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியதில் ஒரு திருகின் தலை மழுங்கிவிட்டது. சரியான முனையை வைத்து, பின்புறம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள். இறுகிய திருகும் இளகும்.

பிறகு வழக்கமான முறைதான். பிரேக் லீவரை நாலைந்து முறை அடித்து, அழுத்திப் பிடித்து, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகே லீவரை விட்டேன். நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழிகள் வந்தன, நின்றன. லீவர் மட்டும் பஞ்சுபோல் கைப்பிடி வரை போனது. இதற்கிடையில் ஒருமுறை டப்பாவைக் கவனிக்கத் தவறினேன். ஆயில் வற்றி, மறுபடி காற்று ஏறிவிட்டது. அதுவரை செய்தது அத்தனையும் வீண்!

மறுநாள் சிரிஞ்சை நிப்பிளில் மாட்டி இழுத்தேன். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: அது உள்ளே இருந்த காற்றே அல்ல, தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து நுழைந்த காற்று. சிரிஞ்சை நம்பி இதில் ஏமாறாதீர்கள்.

காற்று மேலே ஏறும். நானோ அதைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். லீவர் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பாஞ்சோ போல்ட்டின் (ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) வளைவில்தான் அது தங்கியிருந்தது. போல்ட்டைச் சுற்றித் துணியைக் கட்டி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மெல்லத் தளர்த்தினேன். 'புஸ்' என்று நுரையோடு ஆயில் கசிந்தது. லீவரை விடாமலேயே இறுக்கினேன். இரண்டாம் முறை நுரை இல்லை, ஆயில் மட்டுமே வந்தது.

அடுத்து, ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை உயரத்தில் வைத்து, லீவரை நூலளவு மட்டும் அசைத்துக்கொண்டே டப்பாவுக்குள் பார்த்தேன். அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவை நின்றபோது லீவர் பாதியிலேயே கல்லாக நின்றது. இரண்டு நாளில் அப்போதுதான் மூச்சே வந்தது. மூடி திறந்திருக்கும்போது லீவரை வேகமாக அழுத்தாதீர்கள், ஆயில் கண்ணில் பீய்ச்சும். கண்ணாடி கட்டாயம்.

ஹோஸைக் கழற்றினால் இரு பக்கச் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். டப்பா மூடியில் எந்த வகை ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். என் வண்டிக்கு டாட் 4. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5 சிலிக்கான் வகை, கலக்கவே கூடாது. திறந்து நாள்பட்ட பாட்டிலும் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சிய டாட் 4-இன் கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கலாம். சூட்டில் அது கொதித்தால் லீவர் மீண்டும் பஞ்சுதான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே லீவரைப் பிடித்தேன். முன்பக்க ஃபோர்க் அமிழ்ந்து சக்கரம் அங்கேயே நின்றது. போல்ட்டைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றினேன், ஈரம் இல்லை. டேங்கில் மட்டும் ஒரு துளி ஆயில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் போயிருக்கும். இப்போது அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிறது.