மாரிகாலத்து ராடார் படத்தில் விதைப்பு வயலையும் வெள்ளத்தையும் பிரிப்பது

மாரியில் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கிலுள்ள படுவான்கரைக்கு மேல் நாட்கணக்கில் முகில் கலையாது. அப்போது வெள்ளத்தைப் படம்பிடிக்கக் கைகொடுப்பது, முகிலை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செய்மதிதான். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல்-1, 693 கி.மீ. உயரத்திலிருந்து 5.5 செ.மீ. அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிகிறது. கடப்பது காலை அல்லது மாலை ஆறு மணியளவில். ஒரு செய்மதி அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகும். ஆகவே இரண்டு நாளில் ஏறி வடிந்த வெள்ளம் படத்தில் விழாமலே போகலாம்.

அலையில்லாத நீர் ராடார் அலையை அப்பால் தெறிக்கவிடும், படத்தில் கறுப்பு. பெரும்போக (மாரிகால நெற்செய்கை) விதைப்புக்கு நீர் கட்டிய வயலும் அதே கறுப்புத்தான். வெள்ளப் படத்தை, வயலில் நீர் கட்டாத ஓகஸ்ட் படத்தோடு ஒப்பிட்டால் சம்மாந்துறை வட்டைகள் (வயற்பரப்புகள்) முழுக்க வெள்ளம் என்று வரும். அந்த வரைபடத்தை வைத்து இழப்பீடு பங்கிட்டால், உண்மையில் பயிர் அழுகியவருக்குத்தான் அநியாயம். ஒப்பீட்டுப் படம் அதே போகத்தில், வெள்ளத்துக்கு 12 அல்லது 24 நாள் முந்தியதாக, அதே தட எண்ணில் இருக்கவேண்டும். தடம் மாறினால் பார்வைக் கோணம் மாறும். நிலம் மாறாமலே பிரகாசம் மாறும். எந்த வட்டையில் எப்போது விதைத்தார்கள் என்பதை வட்டவிதானையிடம் (வயல் நீர்ப்பாசனத்தை மேற்பார்ப்பவர்) கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஈடான தரவு செய்மதியில் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி அவதானிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் தளத்தில் பதிந்தால் படம் இலவசம். ஒரு கோப்பு ஏறத்தாழ 1 ஜிபி. இந்தப் படங்களைச் செயற்படுத்தும் ஸ்னாப் மென்பொருளில் வரிசை இது: சுற்றுப்பாதைக் கோப்பு, வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், புள்ளி இரைச்சலைக் குறைக்க 5×5 லீ வடிகட்டி, எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவோடு நிலத்தோற்றத் திருத்தம், கடைசியில் டெசிபெல் அளவுக்கு மாற்றம். துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பு வர சுமார் 20 நாள் எடுக்கும். அவசரத்தில் முதற்படியே பிழை காட்டி நின்றால், கோப்பு இல்லாவிட்டாலும் தொடரும்படி குறியிடுங்கள். வெள்ள வரைபடத்துக்கு அது போதும். தெற்கு நோக்கிக் கடக்கும்போது எடுத்த படம், நிலத்தோற்றத் திருத்தம் வரை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறியிருக்கும். கடல் இடப்பக்கம், மட்டக்களப்பு வாவி அதற்கு வலப்பக்கம். பதற வேண்டாம்.

நீர் என்று கொள்ளும் பிரகாச எல்லையை விவி-யில் (அலையைச் செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் பதிவு) −15 டெசிபெல்லில் தொடங்கி, ஹிஸ்டோகிராமின் (பிரகாசப் பரவல் வரைபு) இரு மேடுகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்துக்கு நகர்த்துங்கள். வாடைக்காற்றில் வாவி சிற்றலை எழுப்பினால் விவி-யில் வெளுத்து நிலம்போலத் தெரியும். அன்று விஎச்-ஐ (செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் பதிவு) நம்புவதே நல்லது. குடும்பிமலையின் நிழல்பக்கமும் பாணமைப் பக்கத்து உலர்மணலும் கறுப்பாக வரும். சரிவான நிலத்தை உயரத் தரவால் கழியுங்கள். மணலுக்கு ஒப்பீட்டுப் படமே போதும், அது இரண்டிலும் கறுப்பு.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. உயர்ந்த பயிருக்கடியில் நீர் நின்றால் அலை நீரிலும் தண்டிலும் பட்டு இரட்டிப்பாகத் திரும்பும், வயல் வெளுக்கும். காத்தான்குடி, கல்முனை போல வீடு நெருங்கிய ஊர்களில் சுவர்களும் அப்படியே செய்வதால் ஒழுங்கை வெள்ளம் படத்தில் பிடிபடாது. அங்கே வெறுமையை ‘வெள்ளமில்லை’ என்று நிறமிடாமல் ‘தரவில்லை’ என்றே குறியுங்கள்.