பின்லாந்தில் குமார் குமாரியான கதை

தம்பெரேயில் வாடகை வீடு மாறுகிறவர்கள் சாவி வாங்கும்போதே கதவில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தபால்காரர் அந்தக் குடும்பப் பெயரை நம்பித்தான் கடிதத்தை உள்ளே தள்ளுவார்.

ஒப்பந்தமும் இடமாற்ற அறிவிப்பும் ஆன்லைனிலேயே முடிந்தன. அறிவிப்பைக் குடியேறிய ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வர வேண்டிய வங்கி அட்டை திரும்பிப் போய்விட்டது. கதவில் 'குமாரி' என்று இருந்தது!

அப்பா பெயரான குமார்தான் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர். வீட்டுக்காரர் பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுதியபோது, பின்னிஷ் இலக்கணப்படி 'குமாரின் பெயர் கதவுக்கு' என்று எழுதியிருக்கிறார். அங்கே ஆறாம் வேற்றுமைக்கு 'ன்' மட்டும்தான் உருபு. மெய்யெழுத்தில் முடியும் வெளிநாட்டுப் பெயர் என்றால் நடுவில் ஒரு 'இ' சேரும். ஆக குமாருக்கும் குமாரிக்கும் ஒரே 'குமாரின்'. நம்மிடம் 'குமாரியின்' என்று தனியாக இருப்பதால் இந்த வம்பு இல்லை.

அலுவலகத்தில் இருந்தவர் மின்னஞ்சலைக் காட்டி, "இதில் இருப்பதைத்தானே போட்டோம்" என்றார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம் என்று பதில். எரிச்சலாக வந்தது.

உள்ளூர்ப் பெயரென்றால் இவர்களுக்குக் குழப்பமே வராது. 'விர்த்தா' என்றால் நீரோட்டம். அதிலிருந்து வந்த விர்த்தனென் அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. 'விர்த்தசென்' என்று உருமாறி வந்தாலும் மூலம் விர்த்தனென் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். (புதிதாக வந்த நாம்தான் விர்த்தசென் என்று ஒருவரைப் பட்டியலில் தேடிக்கொண்டிருப்போம்.) அவர்கள் பெயரிலும் வினோதம் உண்டு. 'அர்மாஸ்' அன்பான என்ற சாதாரணச் சொல்லாக வந்தால் 'அர்மான்' ஆகும், ஆள் பெயராக வந்தால் 'அர்மாக்சென்'.

கடைசியில் ஒரு நண்பர் சொன்ன வழி பலித்தது. வாக்கியமே எழுதாதீர்கள். 'பெயர்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, வெறும் குமார் என்று எழுதுங்கள். பக்கத்தில் 'பெருஸ்முவோதோ', அதாவது அடிப்படை வடிவம், என்று குறிப்பிடுங்கள். அப்படி எழுதி அனுப்பியபின் பலகை மாறியது, புது அட்டையும் வந்து சேர்ந்தது.

மின்சார பில் மட்டும் இன்னும் குமாரி பெயரில்தான் வருகிறது. அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.