சுவரில் கடல் மட்டக் கோடு: விளக்குக்கு முன்னால் உயரம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வடக்கு உயிஸ்ட் தீவில் லாக்மாடி என்றொரு சின்னக் கடலோர ஊர். அங்குள்ள அருங்காட்சியகச் சுவர்களில் 2018-இல் பின்லாந்துக் கலைஞர்கள் பெக்கா நீட்டுவிர்த்தாவும் திமோ ஆஹோவும் வெள்ளை ஒளிக்கோடுகள் பதித்தார்கள். ஓதம் (கடல் ஏற்றம்) ஏறும்போது சென்சார் உணர்ந்து விளக்கு எரியும்; வருங்காலத்தில் தண்ணீர் எதுவரை வரக்கூடும் என்று கோடு காட்டும். கடல் பொங்கி வரும் என்ற கணிப்பால் அந்தக் கட்டடத்தை அதே இடத்தில் விரிவாக்க முடியாது என்பதுதான் அதன் பின்னணி.

மும்பையில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியில் நம் மன்றங்கள் இப்படி ஒன்று செய்ய நினைத்தால், முதல் வேலை உயரம். அது தப்பினால் மிஞ்சுவது திருவிழா சீரியல் செட்தான்.

மும்பை ஓத அட்டவணையில் 4.5 மீட்டர் என்று இருப்பது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எடுத்த அளவு இல்லை. கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய மிகத் தாழ்ந்த வத்தத்திலிருந்து (கடல் இறக்கத்திலிருந்து) எடுத்தது. சராசரி மட்டம் அதற்குச் சுமார் 2.5 மீட்டர் மேலே. ஆக, 4.5 மீட்டர் ஓதம் என்றால் சராசரிக்கு மேல் 2 மீட்டர்தான். சர்வே ஆட்கள் தரும் உயரமோ சராசரியிலிருந்து வருவது. இரண்டையும் கலந்தால் கோடு கிட்டத்தட்ட ஒரு மாடி மேலே ஏறிவிடும். ஒருமுறை அப்படிப் பொய்யாகப் பயந்தவர் அடுத்த முறை உண்மையையும் நம்பமாட்டார்.

இதைத் தவிர்க்கத் தண்ணீரையே அளவுகோலாக்குங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில் ஓதம் பெரிதாக வரும். கோலி மீனவர்கள் உதாண் என்பார்கள். மழையும் காற்றும் இல்லாத அந்த நாளில் கரைச்சுவரில் தண்ணீர் தொட்ட உச்சியைக் குறியுங்கள். அட்டவணை தென் மும்பையின் அப்போலோ பந்தருக்கானது. கழிமுகத்துக்குள் உச்சி தாமதமாகும், அவசரப்படாமல் நில்லுங்கள். மூன்று நாள் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் உச்சி சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மழைக்காலத்தில் மிட்டி ஆற்று வெள்ளம் சேர்ந்துவிடும், அந்த அளவு உதவாது.

அந்தக் குறியைச் சுவருக்குக் கொண்டுவரக் கொத்தனாரின் டியூப் லெவலே போதும். 10 மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை மெல்ல நிரப்புங்கள். பாசிப்பயறு அளவு காற்றுக்குமிழ் தங்கினாலும் மட்டம் பொய் சொல்லும். இரு முனையையும் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். சமமாக நின்றால் சரி. அளவெடுக்கும்போது இரு முனையிலிருந்தும் கட்டைவிரலை எடுத்திருக்க வேண்டும். குழாயின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடக்கக் கூடாது. முடித்ததும் வேறு வழியில் தொடங்கிய குறிக்கே திரும்புங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் குறிக்கு மேல் எவ்வளவு கூட்டுவது? ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, 2100-க்குள் கடல் மட்டத்தின் உலகச் சராசரி உயர்வு, பசுங்குடில் வாயுக்களின் மிகக் குறைந்த உமிழ்வில் 0.28–0.55 மீட்டர், மிக அதிக உமிழ்வில் 0.63–1.01 மீட்டர். இரண்டுக்கும் தனித்தனிக் கோடு போட்டு, எந்த நாள் ஓதத்தின் மேல் எவ்வளவு கூட்டியது என்று பலகையில் எழுதுவதே நேர்மை.

விளக்குப் பட்டை மும்பையின் மின்சாதனச் சந்தையான லோஹார் சாலில் கிடைக்கும். 12 வோல்ட் பட்டை 5 மீட்டரைத் தாண்டினால் கடைசிப் பக்கம் மங்கும். 24 வோல்ட் வாங்கி இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள். வெட்டிய முனையை நியூட்ரல் சிலிக்கானால் அடையுங்கள். காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் செம்பை அரித்துவிடும். பட்டையின் பசையை நம்பாமல் அலுமினியச் சட்டத்தில் வைத்து உப்புக் காற்றைத் தாங்கும் 316 ஸ்டீல் திருகால் முடுக்குங்கள். பவர் சப்ளை மேல் கோட்டுக்கும் மேலே இருக்கட்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி கட்டாயம்.

சென்சாருக்கு 4 அங்குல பிவிசி குழாயை நிமிர்த்திக் கட்டி, அடியை மூடி, சில 8 மி.மீ. துளைகள் போட்டு, உள்ளே மிதவை சுவிட்ச். அலையடித்தாலும் உள்ளே தண்ணீர் குலுங்காது. பிளாஸ்டிக்கும் சேறும் துளையை அடைத்தால், கடல் வடிந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கம்பியால் குத்தி எடுங்கள்.

இன்னொன்று: மும்பையில் உதாண் ஓதம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். பௌர்ணமி மாலை 7 மணிக்கு ஆசையாய் வருகிறவர் பார்ப்பது வத்தத்தில் கிடக்கும் சேற்றையும் இருண்ட சுவரையும்தான். மாலையில் உச்சம் தொடுவது அஷ்டமியை ஒட்டிய சின்ன ஓதம். அதனால் குழாயில் இரண்டு மிதவை வையுங்கள்: கீழ் மிதவை சின்ன ஓதத்துக்கு மங்கலாக ஏற்றட்டும், மேல் மிதவை உதாணுக்கு முழு ஒளி தரட்டும். அந்தந்த வார ஓத நேரத்தைப் பலகையில் தமிழிலும் மராத்தியிலும் ஒட்டிவிடுங்கள்.