கச்சான் அடிக்கிற பக்கத்துக்கு எந்தச் செடி?

நர்சரியில் 'எவர்கிரீன்' என்று சொல்லி விற்கிற செடி, ஆனி ஆடியில் மண்டபத்திலும் பாம்பனிலும் குச்சியாக நிற்கும். செடி மேல் குற்றமில்லை. குளிர் நாடுகளில் ஒரு புதர் பாதி இலையை உதிர்க்கிறது என்றால் பனி காரணம். நம் கரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும், அது அள்ளி வரும் உப்பும், கோடையில் கரிக்கத் தொடங்கும் கிணற்றுத் தண்ணீரும்தான் காரணம். அதனால் பூவின் நிறத்தைப் பார்த்துச் செடி வாங்குவதற்கு முன்னால், வீட்டின் எந்தப் பக்கத்தில் எந்தக் காற்று அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடக்கும் கிழக்கும் அடி வாங்கும். ஆனால் வாடை மழையோடு வருவதால் இலையில் படிந்த உப்பை மழையே கழுவிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கிற சுமார் 800 மில்லிமீட்டரில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் விழுகிறது. கச்சான் அப்படியல்ல. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து காய்ந்த காற்றாக அடிக்கும், மழை துளிதான். தென்கடல் கரையில் வீடு இருந்தால் உப்பும் மணலும் கூடவே வரும். ஒரே காம்பவுண்டுக்குள் கிழக்கே தளதளவென்று நிற்கும் செடி மேற்கே கருகிப்போவது இதனால்தான்.

அடுத்தது தண்ணீர். குடிநீருக்காக, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கும் வீடுகள் இப்போது நிறைய. அதைச் சித்திரை மாதம் கிணற்றிலோ போரிலோ ஒரு முறை வைத்துப் பாருங்கள். மழைக்காலத்து அளவு ஏமாற்றும். 500-க்குக் கீழே என்றால் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. 1,500 வரை செம்பருத்தி, நந்தியாவட்டை, அகலிஃபா ஓரளவு தாங்கும். அதற்கு மேலே போனால் அரளி, காகிதப்பூ, நொச்சி என்று சுருக்கிக்கொள்வது நல்லது. 3,000 தாண்டிய தண்ணீரை வைத்துக்கொண்டு இட்லிப்பூ வளர்க்க நினைப்பது வீண் செலவு.

காற்று நேராக அடிக்கும் முதல் வரிசைக்கு என் தேர்வு மூன்று.

அரளியைக் கோயில் பூ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வருடம் முழுக்கப் பச்சை, சிவப்பு, வெள்ளை, ரோஸ் நிறங்கள், ஆடு கடிக்காது, உப்புத் தண்ணீருக்கும் அசராது. இந்த நான்கும் ஒன்றாக அமைந்த புதர் இந்தக் கரைக்கு வேறு இல்லை. ஒற்றை அடுக்கு வாங்குங்கள். அடுக்கு அரளியில் வாடிய பூ உதிராமல் பழுப்பாகத் தொங்கும், ஒற்றை அரளி தானாகக் கொட்டிவிடும். செடிக்குச் செடி 4 முதல் 5 அடி. தை கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் இரண்டு மூன்று கிளை வரும். பூ புதுக்கிளையின் நுனியில்தான். யூரியா போட்டால் மஞ்சள் அசுவினி தளிரை மொய்க்கும். மருந்து தேவையில்லை, ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடித்தால் போகும், யூரியாவையும் நிறுத்த வேண்டும். செடி முழுக்க நஞ்சு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காகிதப்பூவில் நாம் பூ என்று சொல்லும் நிறம் உண்மையில் பூவைச் சுற்றிய இலை. உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. நிறம் மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். கரைக்கு எளிதில் பொருந்துவது பழைய ஊதாகலந்த ரோஸ் வகை. மஹாரா போன்ற அடுக்கு வகைகளில் காய்ந்த நிறம் செடியிலேயே ஒட்டிக்கொண்டு துருப்பிடித்த மாதிரி இருக்கும், காற்றுப் பக்கத்தில் இன்னும் மோசம். வெள்ளை கலந்த இலை வகைகள் அழகு, ஆனால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், சுவரோரம் வையுங்கள்.

'வருஷமாச்சு, இலைதான் வருது' என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் தினமும் ஊற்றும் தண்ணீரும் சாணி உரமும். தரையில் ஒரு வருடத்துக்கு மேல் நின்ற செடிக்கு மாசியில் 8 முதல் 10 நாள் தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் தொங்கத் தொடங்கியதும் 20 லிட்டர் ஒரே தடவையாக ஊற்றுங்கள். பூ திரளும். நடும்போது பையை உரிக்காதீர்கள். இதன் வேர் மெல்லியது, மண்கட்டி உடைந்தால் செடி ஒரு வாரத்தில் வாடும். பையின் அடியை மட்டும் அறுத்துக் குழியில் இறக்கி, பிறகு பக்கவாட்டில் கிழித்து உருவ வேண்டும். முள் முற்றும்வரை ஆடு இதை விடாது. முதல் ஆண்டு சீமைக்கருவேல முள் அடைத்துத்தான் ஆகவேண்டும். அந்த மரத்தால் நமக்கு ஆகிற ஒன்றிரண்டு உபகாரத்தில் இது ஒன்று.

மூன்றாவது நொச்சியில் ஒரு வகை. மேலே சாம்பல் பச்சை, இலையின் அடிப்பக்கம் ஊதா. சாதாரண நொச்சி போலவே ஆடு மாடு தொடாது, உப்பையும் தாங்கும். நிழலான இடத்தில் வைத்தால் வெறும் சாம்பல் புதர். கச்சான் அடிக்கிற பக்கத்தில் காற்று இலையைப் புரட்டிப் புரட்டி ஊதாவைக் காட்டும். காற்றையே நிறமாக மாற்றிக்கொள்ளும் செடி இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. 2 அடி இடைவெளியில் பென்சில் பருமன் குச்சி ஊன்றினாலே போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெட்டாவிட்டால் அடி மொட்டையாகி, மேலே மட்டும் குடை பிடிக்கும்.

கூடவே ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிப்பதோடு சரி, வேலியோரம் யாரும் வளர்ப்பதில்லை. பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, ஆணிவேர் அறுந்துபோகும். கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, ஐப்பசி மழையில் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். இலையைப் பச்சைப்புழு தின்றால் பதறாதீர்கள், வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. திரும்பத் துளிர்க்கும். மயில்கொன்றையும் இந்த வகைதான். தண்ணீர் இல்லாத கோடையில் பாதி இலையைக் கொட்டிவிடும், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மழையோடு சிவப்பும் மஞ்சளுமாக வரும்.

வெள்ளி நிற இலையும் கத்தரிப்பூ நிறப் பூவும் உள்ள லூக்கோஃபில்லம் இப்போது சில நர்சரிகளில் கிடைக்கிறது. சுண்ணாம்பு மண்ணையும் உப்பையும் பொருட்படுத்தாது. காற்றில் ஈரம் கூடியதும் ஒரே நேரத்தில் பூத்துத் தள்ளும். வேரில் தண்ணீர் நின்றால் மட்டும் செத்துவிடும். கண்மாய் வண்டலான கரம்பை போட்ட குழி இதற்கு ஆகாது, வெறும் மணலில் வையுங்கள்.

காம்பவுண்டு சுவர் காற்றைத் தடுத்துவிடும் என்று நம்பி அதன் பின்னால் செம்பருத்தி வைப்பார்கள். இறுக்கமான சுவரைத் தாண்டிய காற்று மறுபுறம் சுழன்று இறங்கும், செடி அங்கேதான் முறியும். இடைவெளி விட்டுக் கட்டிய பனையோலைத் தட்டி, பாதிக் காற்றை உள்ளே விடுவதால், அதைவிட நல்ல மறைப்பு. முதல் வரிசைச் செடி தலைக்கு மேல் வளரும்வரை, இரண்டு வருடத்துக்குத் தட்டி இருக்கட்டும்.

இந்த மறைவில்தான் செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், அகலிஃபா, தங்க டுராண்டா. டுராண்டாவும் அகலிஃபாவும் முழு வெயிலில் இருந்தால்தான் நிறம். மரத்தடியில் வைத்த தங்க டுராண்டா மூன்று மாதத்தில் வெறும் பச்சை. குரோட்டன்ஸ் அதற்கு எதிர். காலை வெயில் நான்கு மணி நேரம் போதும், மேற்கு வெயில் பட்டால் இலை வெளுத்துச் செஞ்சிலந்தி பிடிக்கும். நிறத்தைப் பற்றி இன்னொன்று. நம் கரை வெளிச்சத்தில் மதியம் வெளிர் ரோஸ் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். அடர் சிவப்பு, ஆரஞ்சு, கெட்டி மஞ்சள்தான் நிற்கும். வெள்ளைப் பூவும் வெள்ளி இலையும் பொழுது சாய்ந்து உட்காரும் இடத்துக்கு.

இட்லிப்பூவைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் வாங்கி அதிகம் பேர் இழக்கும் செடி அது. ராமேசுவரம் தீவுப் பக்கத்து மணலில் சிப்பியும் பவளத் துகளும் சேர்ந்து சுண்ணாம்பு மிகுதி. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. தளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மஞ்சளைப் பார்த்ததும் உரம் போடுவது பொதுவான தவறு. முதலில் எந்த இலை என்று பாருங்கள். தளிரில் நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடியிலை முழுக்க மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறை. நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகியிருந்தால் உப்பு, அதற்கு உரம் போட்டால் உப்பு இன்னும் கூடும். இலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளுத்திருந்தால் புரட்டிப் பாருங்கள், செஞ்சிலந்தி இருக்கும்.

இரும்புக் குறைக்கு நாட்டுமருந்துக் கடை அன்னபேதி, லிட்டருக்கு 5 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் 1 கிராம். மாலையில் இலையில் தெளிக்க வேண்டும், 10 நாள் விட்டு மூன்று முறை. மண்ணில் போட்டால் சில நாளிலேயே சுண்ணாம்பு அதை முடக்கிவிடும். மண்ணில்தான் இடவேண்டும் என்றால் ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்பு கேளுங்கள், ஈடிடிஏ (EDTA) வகை இந்த மண்ணில் நிற்காது. இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் தொட்டியில் வையுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, முடிந்தவரை மழைத்தண்ணீர். நார்க்கழிவை நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் போடாதீர்கள், அதுவே உப்பு.

நடுவதற்கு ஐப்பசி முதல் மழை. கார்த்திகை தாண்டினால் வேர் பிடிக்க நாள் போதாது. ஒன்றரை அடி நீள அகல ஆழக் குழி. எடுத்த மணலில் பாதி, கண்மாய்க் கரம்பை கால் பங்கு, மக்கிய சாணம் கால் பங்கு, கரையானுக்கு வேப்பம் புண்ணாக்கு 200 கிராம். கரம்பை வாங்கும்போது காய்ந்த கட்டியின் மேல் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உவர் மண், வேண்டாம்.

நர்சரிச் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருபவை. நல்ல தண்ணீரில், நிழல்வலைக்குள், களிமண் உருண்டையில் வளர்ந்தவை. அப்படியே மணலில் வைத்தால் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி மணலில் இறங்கிப்போகும், உள்ளே வேர் காய்ந்திருக்கும். நடும் முன் பையோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்துங்கள். காகிதப்பூ தவிர மற்றவற்றில் வெளிக் களிமண்ணை விரல் கனத்துக்கு உதிர்த்துவிடலாம். வாங்கிய உடனே நடாமல் இரண்டு வாரம் திண்ணையோரம் வைத்து, உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து ஊற்றிப் பழக்குங்கள்.

தண்ணீர் முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள் 5 லிட்டர், பிறகு 5 நாளுக்கு ஒருமுறை 15 முதல் 20 லிட்டர். தினமும் ஒரு குவளை ஊற்றினால் ஈரம் மேலேயே நின்று ஆவியாகி, உப்பு மட்டும் வேர்ப்பக்கம் தங்கும். மேல்மண் வெள்ளை பூத்தால் ஓர் அங்குலம் சுரண்டி வெளியே போடுங்கள். கரிப்புத் தண்ணீர் இலையில் படக்கூடாது. மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்போடு கலக்கும்போதும் மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்தான், உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து எண்ணெய் தனியே மிதந்து இலையைக் கருக்கிவிடும்.

வேகமாகப் பச்சைச் சுவர் வேண்டும் என்று யாராவது கோனோகார்பஸ் தந்தால் வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2025-இல் தடை செய்துவிட்டது. உண்ணிச்செடியும் வேண்டாம், பறவை தின்று ஊரெல்லாம் விதைக்கும்.

இப்போது அரளி. பச்சையாக நிற்கும்போது ஆடு முகர்ந்துவிட்டு விலகும். வெட்டிப்போட்ட கிளை காய்ந்த பிறகு வேறு தழையோடு சேர்த்துத் தின்றுவிடும், காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. வெட்டிய அன்றே ஒரு குச்சி விடாமல் பொறுக்கி, ஆடு எட்டாத இடத்தில் இரண்டடிக் குழியில் புதைத்துவிடுங்கள். எரிக்கக்கூடாது, புகையும் ஆகாது. கத்தரிக்கோலையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த வேலை.