வெள்ளை ரத்த மீனும் அதன் ஜீனோமும்

அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் தென்பெருங்கடலில் பனிமீன் என்று ஒரு குடும்பம் இருக்கிறது, மொத்தம் 16 இனங்கள். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால்தான் பையில் போடச் சொல்லுவோம் இல்லையா, அந்தக் கணக்குப்படி இந்தக் குடும்பத்தில் ஒன்றுகூடத் தேறாது. உயிரோடு துள்ளும்போதே செவுள் வெளுத்துத்தான் இருக்கும், ரத்தத்தில் நிறமே கிடையாது. காரணம், ஆக்சிஜனைச் சுமந்து ரத்தத்துக்குச் சிவப்பும் தருகிற ஹீமோகுளோபின் இல்லை. குறைவாக இருக்கிறது என்று இல்லை, இல்லவே இல்லை.

தென்கடலுக்குத் திமிங்கல வேட்டைக்குப் போன நார்வேக்காரர்கள் "ரத்தமில்லாத மீன் ஒன்று உண்டு" என்று பேசிக்கொண்டிருந்ததை யோஹான் ரூட் என்ற உயிரியலாளர் இளம் வயதில் கேட்டிருக்கிறார், நம்பவில்லை. 1927இல் பூவே தீவுப் பக்கம் போன டிட்லெஃப் ரஸ்டாட் அப்படி ஒரு மீனைக் கையிலேயே பிடித்துப் பார்த்தார். கடைசியில் அதே ரூட்தான் தென்கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போய் ரத்தத்தைச் சோதித்து, 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வேட்டைக்காரர்கள் சொன்னது சரி.

இந்தக் கடலில் தண்ணீர் மைனஸ் 1.9 டிகிரி வரைக்கும் போகும். உப்பு இருப்பதால் கடல் அதுவரை உறையாமல் தாங்குகிறது, ஆனால் சாதாரணக் கடல்மீனின் ரத்தம் மைனஸ் 0.7 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். அப்படியானால் அங்கே மீனே இருக்கக்கூடாது. 1960களில் அண்டார்டிகாவின் மெக்மர்டோ ஜலசந்தியில் வேலை செய்த ஆர்ட் டிவ்ரீஸ் இதற்கு விடை கண்டுபிடித்தார். பனிமீனுக்கும் அதன் சிவப்பு ரத்தச் சொந்தங்களுக்கும் உடம்பில் ஒரு உறையெதிர்ப்புப் புரதம் ஓடுகிறது. அது பொடிப் பனிப்படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கும்.

சரி, இப்படி ஒரு புரதம் எங்கிருந்து வந்தது? இந்த விஷயத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். 1997இல் லியாங்பியாவோ சென், கிறிஸ்டினா செங், டிவ்ரீஸ் மூன்று பேரும் அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, அதன் தலையும் வாலும் டிரிப்சினோஜன் மரபணுவோடு அப்படியே ஒத்துப்போயின. டிரிப்சினோஜன் என்பது கணையத்தில் சுரக்கும் செரிமானச் சமாச்சாரம், குளிருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த மரபணுவுக்குள் வெறும் ஒன்பது டிஎன்ஏ எழுத்து நீளத் துணுக்கு ஒன்று திரியோனைன்-அலனைன்-அலனைன் என்று மூன்று அமினோ அமிலங்களைத் தரும், அந்தத் துணுக்கு திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு நீண்டு நீண்டு, செரிமான வேலை செய்த நடுப்பகுதி கழன்றுபோய், புதுப் புரதம் ஆகிவிட்டது. பாதி செரிமான நொதி, பாதி உறையெதிர்ப்பு என்று இரண்டும் கெட்டான் மரபணு ஒன்றுகூட இன்னும் அண்டார்டிக் டூத்ஃபிஷ் மீனில் கிடக்கிறது, அதையும் கண்டுபிடித்தார்கள். பரிணாமத்தில் இடைப்பட்ட நிலை எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியாக ஒன்றைக் காட்ட முடியாது. இந்தப் புரதம் முக்கியமாகக் கணையத்திலேயே உருவாகிறது என்பது 2006இல் தெரியவந்தது. மீன் குடிக்கிற தண்ணீரோடு பனித்துணுக்கும் குடலுக்குள் போகும், ஆகவே முதல் காவல் குடலுக்குத்தான் தேவை.

இன்னொரு பக்கம், வடதுருவத்து ஆர்க்டிக் காட் மீனிலும் கிட்டத்தட்ட இதே புரதம் இருக்கிறது. ஆனால் அதன் மரபணுவுக்கு டிரிப்சினோஜனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எந்தப் புரதத்துக்கும் குறியீடு தராமல் சும்மா கிடந்த டிஎன்ஏவிலிருந்து அது கிளம்பியது என்று 2019இல் காட்டினார்கள். புரதத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் பங்காளிகள் என்று சொல்லியிருப்போம்.

இந்தப் புரதத்துக்கு ஒரு வில்லங்கமும் உண்டு. பனியை வளரவிடாதது போலவே உருகவும் விடாது. கோடையில் தண்ணீர் கொஞ்சம் சூடாகும்போதும் மீனின் உடம்புக்குள் போன படிகங்கள் கரையாமல் அப்படியே தங்கிவிடுகின்றன என்று 2014இல் ஒரு ஆய்வு சொன்னது. காப்பாற்றுகிற அதே சாமான்!

அப்புறம் ஹீமோகுளோபின். அது போனதை 'குளிருக்கேற்ற தகவமைப்பு' என்று எழுதுகிறார்கள், ரத்தம் நீர்த்துப்போனால் பம்ப் செய்வது சுலபம் என்று காரணமும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜீனோமில், அதாவது மீனின் மொத்த மரபணுத் தொகுப்பில், இருப்பது விபத்து நடந்த இடம் மாதிரிதான் தெரிகிறது. ஹீமோகுளோபினைக் கட்ட ஆல்ஃபா குளோபின், பீட்டா குளோபின் என்று இரண்டு மரபணுக்கள் வேண்டும். பெரும்பாலான பனிமீன்களில் ஆல்ஃபா குளோபின் மரபணுவின் வால்துண்டு மட்டும் மிச்சம், பீட்டா குளோபின் மொத்தமாகக் காணோம். அதனால் ரத்தம் சுமக்கிற ஆக்சிஜன், சிவப்பு ரத்தச் சொந்தங்களில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈடுகட்ட இதயம் பெருத்தது, ரத்தக் குழாய்கள் அகன்றன, ரத்தத்தின் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு ஆனது. இவ்வளவையும் ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பதற்கு ஆகும் சக்தியைக் கணக்குப் போட்டால் லாபமே இல்லை என்று புரூஸ் சைடெல்லும் கிறிஸ்டின் ஓ'பிரையனும் 2006இல் வாதிட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சரியாகப் படுகிறது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாகக் கரைந்திருந்ததால் இந்தக் குறையோடும் மீன் பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான். 16 இனங்களில் ஆறில், தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கிற மயோகுளோபினும் இதயத்திலிருந்து போய்விட்டது, அதுவும் ஒரே தடவையில் போகாமல் தனித்தனியாக நான்கு தடவையாவது போயிருக்கிறது.

2019இல் கொரியத் துருவ ஆராய்ச்சி நிலையத்தினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து கருந்துடுப்புப் பனிமீனின் முழு ஜீனோமை வெளியிட்டார்கள். அதிலும் இதே கலவைதான். உறையெதிர்ப்பு மரபணுக்களும் முட்டையின் உறையைக் கட்டும் மரபணுக்களும் நிறையப் பெருகியிருக்கின்றன, உடலின் நாள்-இரவுக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களில் சிலது இல்லை. மாதக்கணக்கில் பகல், மாதக்கணக்கில் இருட்டு என்று இருக்கும் இடத்தில் அந்தக் கடிகாரம் பழுதானால் யாருக்கு நஷ்டம்?

குறையோடு பிழைத்தது என்றதும் பாவப்பட்ட மீன் என்று நினைத்துவிட வேண்டாம். 2021இல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் அடியில் கேமராவை இழுத்துக்கொண்டு போனபோது, பனிமீன் கூடுகள் வரிசை வரிசையாக முடியாமல் வந்துகொண்டே இருந்தன. குறைந்தது 240 சதுர கிலோமீட்டர், சுமார் 6 கோடிக் கூடுகள் என்று மதிப்பிட்டார்கள். உலகத்தில் அறியப்பட்ட மீன் குடியிருப்புகளில் மிகப் பெரியது.

அந்தப் பெரிய கூட்டத்தின் சௌக்கியமும் தண்ணீர் சில்லென்று இருக்கும்வரைதான். பனிமீனின் சிவப்பு ரத்தச் சொந்தமான டிரெமடோமஸ் மீன்கள் 6 டிகிரி சூட்டிலேயே செத்துவிடுகின்றன என்று 1967லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சூடு ஏறினால் மற்ற விலங்குகளின் உடம்பு அவசரத்துக்குக் கூடுதலாகச் சுரக்கும் காப்புப் புரதம் ஒன்று உண்டு. டிரெமடோமஸ் வகையில் ஒரு மீனைச் சூடாக்கிப் பார்த்தால் அந்தப் புரதத்தின் அளவு அதிகரிக்கவே இல்லை. மரபணு இருக்கிறது, ஆனால் குளிரிலேயே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, சூடு வரும்போது அதற்குமேல் ஏற்ற வழியில்லை.